வாசலில் இருந்த தோட்டம்

எங்கள் ஊரில் வசந்தம் என்று தனியாக எதுவும் வந்ததாக எனக்கு நினைவில்லை. மாசி முடிந்து பங்குனி பிறந்தால் இலவங்காய் வெடிக்கும், அவ்வளவுதான். மயிலாடும்பாறையிலிருந்து வருசநாடு போகிற வழியில் இலை உதிர்ந்து நிற்கும் இலவ மரங்களில் காய்கள் பழுப்பேறித் தொங்கும். மூல வைகையில் தண்ணீர் வற்றி மணல் தெரியும். பெண்கள் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு களத்தில் உட்கார்ந்து காயை உடைத்து, பஞ்சைத் தட்டி விதையைப் பிரிப்பார்கள். பொழுது சாய்ந்து எழும்போது புருவம், கண்ணிமை, மூக்கு நுனி எல்லாம் வெள்ளையாக இருக்கும். எங்கம்மா அப்படித்தான் வீட்டுக்கு வருவாள். அதைப் பார்த்து நானும் தங்கச்சியும் சிரிப்போம். இளவேனில் என்றால் சித்திரையும் வைகாசியும் என்று இருபது வருடமாக வகுப்பில் சொல்லி வருகிறேன். சொல்லும்போதெல்லாம் அம்மாவின் வெள்ளைப் புருவம்தான் கண்ணுக்குள் வரும்.

2023 ஏப்ரலில், இங்கிலாந்தில் வேறு வகையான ஒரு வசந்தத்தைப் பார்த்தேன். பழைய தமிழ் அச்சு நூல்கள் சிலவற்றைப் பார்ப்பதற்காக லண்டனுக்குப் போயிருந்தேன். மான்செஸ்டரில் செவிலியராக இருக்கும் என் பழைய மாணவி, "மேடம், ஒரு ஞாயித்துக்கிழமை எனக்குக் குடுங்க, ஒரு தோட்டம் காட்டுறேன்" என்று கூட்டிக்கொண்டு போனாள். மான்செஸ்டர் விமான நிலையத்திலிருந்து சில நிமிடத் தொலைவில், செஷயரில் ஸ்டைல் என்றொரு கிராமம். அங்கே பாலின் ஆற்றங்கரைப் பள்ளத்தில் இருக்கிறது குவாரி பேங்க் நூற்பாலை. 1784இல் சாமுவேல் கிரெக் என்பவர் தொடங்கியது. ஆற்று நீரின் வேகத்தில் சக்கரம் சுற்ற, சக்கரத்தின் வேகத்தில் கதிர்கள் சுற்ற, பஞ்சு நூலானது. ஆலைக்குப் பக்கத்திலேயே முதலாளி குடும்பத்தின் வீடு. வீட்டை ஒட்டி ஆற்றோரமாகவும் மேட்டிலுமாகத் தோட்டம். கிரெக் குடும்பம் 1939இல் இதை நேஷனல் டிரஸ்ட் என்ற அறக்கட்டளைக்குக் கொடுத்துவிட்டது. இப்போது சீட்டு வாங்கிக்கொண்டு யாரும் போகலாம்.

அழகாக இருந்தது. அதைச் சொல்லாமல் மேலே போனால் பொய்யாகிவிடும். பாறைச் சரிவில் ரோடோடென்ட்ரான் செடிகள் ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்து, சில இடங்களில் அப்போதுதான் சிவப்பாகவும் இளஞ்சிவப்பாகவும் விரியத் தொடங்கியிருந்தன. மேல்தோட்டத்தில் வளைந்த கூரையோடு ஒரு கண்ணாடிக் கூடம். குளிர் நாட்டில் திராட்சை பழுக்க வேண்டும் என்று ஆசைப்பட்டுக் கட்டியது. காட்டுப் பாதையில் வெள்ளைப் பூ பூத்த ஒரு கீரை தரையை மூடிக் கிடந்தது. மிதித்தால் பூண்டு வாடை அடிக்கிறது. காட்டுப் பூண்டு என்றாள் மாணவி. கம்பம் பள்ளத்தாக்குக்காரிக்குத் திராட்சையும் புதிதில்லை, பூண்டும் புதிதில்லை. ஆனால் அவற்றைக் கண்ணாடிக்குள்ளும் காட்டுக்குள்ளும் பார்ப்பது புதிது. ஒரு மர பெஞ்சில் உட்கார்ந்து நீண்ட நேரம் ஒன்றுமே நினைக்காமல் இருந்தேன். என் வயதில் ஒரு பெண்ணுக்கு அது எவ்வளவு அபூர்வம் என்று தோழிகளுக்குத் தெரியும்.

பிறகு தோட்டத்திலிருந்து சற்றுத் தள்ளியிருந்த இன்னொரு வீட்டுக்குப் போனோம். பயிற்சிப் பிள்ளைகளின் இல்லம். 1790இல் கட்டியது. ஆதரவற்ற பிள்ளைகளையும் ஏழைப் பிள்ளைகளையும் அவர்களைப் பராமரித்த திருச்சபை வட்டங்களிடமிருந்து ஒப்பந்தம் போட்டுக் கூட்டிவந்து தங்கவைத்த இடம். ஒன்பது, பத்து வயதிலிருந்தே வருவார்கள். பெரும்பாலும் சிறுமிகள். ஒரே நேரத்தில் 90 பேர் வரை இருந்திருக்கிறார்கள். ஒரு கட்டிலுக்கு இரண்டு பேர். வைக்கோல் மெத்தை. ஒரு நாளைக்குப் பன்னிரண்டு மணி நேரம், வாரத்துக்கு ஆறு நாள் ஆலை. அது போக இல்லத்தின் காய்கறித் தோட்டத்திலும் வேலை. கூலி என்று கையில் வருவது அநேகமாக ஒன்றுமில்லை. சோறு, துணி, படுக்கை, கொஞ்சம் எழுத்து, ஞாயிற்றுக்கிழமை தேவாலயம்.

இல்லத்தைச் சுற்றிக் காட்டிய அம்மாள் நல்ல மனுஷி. எதையும் மறைக்கவில்லை. ஆனால் ஒரு வாக்கியத்தை மட்டும் இரண்டு மூன்று முறை சொன்னார்: அந்தக் காலத்து மற்ற ஆலை முதலாளிகளோடு ஒப்பிட்டால் கிரெக் குடும்பம் இரக்கமுள்ள குடும்பம். அது உண்மைதான். பிள்ளைகளைப் பார்க்க மருத்துவர் வைத்தார்கள். அடிப்பதைத் தவிர்த்தார்கள். சாமுவேலின் மனைவி ஹன்னா படித்தவர், பிள்ளைகளின் கல்வியில் அக்கறை கொண்டவர். அந்த வாக்கியத்தை மூன்றாம் முறை கேட்டபோது எனக்குள் ஏதோ கசந்தது. ஏன் என்று உடனே புரியவில்லை. வெளியே வந்து தோட்டத்தை மறுபடி பார்த்த பிறகுதான் புரிந்தது. நான் இந்தத் தோட்டத்தை முன்பே பார்த்திருக்கிறேன்.

2000ஆம் வருடம். நான் மதுரையில் எம்.ஏ. தமிழ் முதல் வருடம் சேர்ந்திருந்தேன். தங்கச்சி பத்தாவது முடித்து வீட்டில் இருந்தாள். வயது பதினாறு. அப்பா இறந்து இரண்டு வருடம். எங்கள் பக்கம் மானாவாரிக் காடு. கம்பம் பள்ளத்தாக்கே பென்னிகுவிக்கின் படத்தை வீட்டில் மாட்டி வைத்திருக்கும். அந்தப் பெரியாற்றுத் தண்ணீர் எங்கள் மேட்டுக்கு வராது, ஆகையால் எங்கள் வீட்டில் படமும் இல்லை. அந்த நேரத்தில் ஏஜென்ட் ஒருவர் ஊருக்கு வந்தார். ஒரு நூல் மில். மூன்று வருடம் ஹாஸ்டலில் தங்கி வேலை. தினக்கூலியில் சாப்பாட்டுக்குப் பிடித்தது போக மாதா மாதம் கொஞ்சம் வீட்டுக்கு. மூன்று வருடம் முடிந்தால் மொத்தமாக 30,000 ரூபாய், கல்யாணத்துக்கு. சுமங்கலித் திட்டம், மாங்கல்யத் திட்டம், திருமகள் திருமணத் திட்டம் என்று மில்லுக்கு மில் பெயர் மாறும். தமிழ் படித்தவள் என்பதால் சொல்கிறேன், நம் மொழியை இவ்வளவு கெட்டிக்காரத்தனமாகப் பயன்படுத்தியவர்கள் குறைவு. 'திட்டம்' என்றால் அரசாங்கம் கொடுப்பது போலக் காதில் விழும். 'சுமங்கலி' என்றால் மறுக்க எந்தத் தாய்க்கும் வாய் வராது. வரதட்சணையை 1961லேயே சட்டம் குற்றமாக்கிவிட்டது. அதைச் சேர்ப்பதற்கென்றே ஒரு வேலைத் திட்டம் ஊர் ஊராக நோட்டீஸ் ஒட்டிக்கொண்டிருந்தது.

அம்மா சும்மா அனுப்பவில்லை. நேரில் போய்ப் பார்த்துவிட்டுத்தான் விட்டாள். திரும்பி வந்து என்னிடம் போனில் சொன்னது இப்போதும் காதில் இருக்கிறது. "வாசல்லயே தோட்டம் வச்சிருக்காகத்தா. பச்சப் பசேல்னு புல்லு. பிள்ளையார் கோயிலு. செம்பருத்தி, காயிதப்பூ, இட்லிப்பூ எல்லாம் வரிசையா. நம்ம புள்ள கெட்டுப்போற எடமில்ல." மெஷின் இருக்கும் இடத்தை அம்மாவுக்குக் காட்டவில்லை. பிள்ளைகள் படுக்கும் அறையையும் காட்டவில்லை. அம்மா கேட்கவும் இல்லை. தன் வாழ்நாளில் தண்ணீர் ஊற்றி வளர்த்த புல்லைப் பார்த்திராதவள் அவள். புல்லுக்கே தண்ணீர் ஊற்றுகிறவர்கள் பிள்ளைகளைப் பட்டினி போடமாட்டார்கள் என்று அவள் போட்ட கணக்கில் என்ன தப்பு?

அடுத்த வருடம் சித்திரையில் நான் ஒருமுறை தங்கச்சியைப் பார்க்கப் போனேன். ஞாயிற்றுக்கிழமை மட்டும் பார்க்கலாம். பார்க்கிற இடம் அந்தத் தோட்டம்தான். சிமெண்ட் பெஞ்சுகள் போட்டிருந்தார்கள். இரண்டு பெஞ்சு தள்ளி வார்டன் அம்மா உட்கார்ந்திருந்தார். தங்கச்சி வந்தாள். நன்றாக மெலிந்திருந்தாள். பேச்சுக்கு நடுவே இருமினாள். ஸ்பின்னிங்கில் சைடர் வேலை. மெஷினோடு நடந்துகொண்டே இருக்க வேண்டும், நூல் அறுந்தால் ஒட்ட வேண்டும். நூல் அறுந்து போகாமல் இருக்க உள்ளே எப்போதும் ஈரப்புழுக்கமாக வைத்திருப்பார்கள் என்றாள். ஒரு ஷிப்ட் முடிந்து படுத்தால் ஆள் போதாதென்று ராத்திரி எழுப்புவார்கள். மாதவிலக்கு நாளில் உட்கார இடம் கிடையாது. மஞ்சள் நிறத்தில் ஒரு மாத்திரை கொடுப்பார்கள், என்ன மாத்திரை என்று தெரியாது. இவ்வளவையும் அவள் சிரித்த முகமாகச் சொன்னாள். வார்டன் பார்க்கும்போது முகம் எப்படி இருக்க வேண்டும் என்று பழகியிருந்தாள். கடைசியில் இட்லிப்பூச் செடியிலிருந்து ஒரு பூவைக் கிள்ளி, குழல் நுனியில் தேனை உறிஞ்சிக்கொண்டே, "அக்கா, என்னையக் கூட்டிட்டுப் போயிருக்கா" என்றாள்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "ஒரு வருசம் ஓடிப்போச்சுல்ல. இன்னும் ரெண்டு வருசம். பல்லக் கடிச்சுக்க."

பாதியில் வந்தால் மொத்தப் பணமும் போய்விடும் என்பது விதி. அது மட்டும்தான் காரணம் என்று பல வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அந்த மாதம் என் ஹாஸ்டலுக்கு மெஸ் பாக்கி கட்ட வேண்டியிருந்தது. மில்லிலிருந்து அம்மாவுக்கு வந்த பணத்தில்தான் அது கட்டப்படும். கைப்பையில், கருத்தரங்கு ஒன்றில் படிப்பதற்காகச் சங்கப் பெண்பாற் புலவர்களைப் பற்றி நான் எழுதிய கட்டுரை இருந்தது. பேருந்தில் அதைத் திருத்திக்கொண்டே மதுரைக்குத் திரும்பினேன்.

குவாரி பேங்கில் எஸ்தர் பிரைஸ் என்றொரு பெண் இருந்தாள். லிவர்பூலிலிருந்து வந்தவள். 1836இல் இன்னொரு சிறுமியோடு சேர்ந்து ஓடிப்போனாள். திரும்பி வந்தபோது அவளை ஓர் அறையில் தனியே அடைத்து வைத்தார்கள். அவள் செய்த இன்னொரு காரியம்தான் எனக்குப் பெரிதாகத் தோன்றுகிறது. தன் ஞானஸ்நானப் பதிவைத் தேடிப் பெற்று, ஆலைக் கணக்கில் இருப்பதைவிடத் தன் வயது அதிகம் என்று நிரூபித்தாள். ஒப்பந்தக் காலம் முடிந்தது என்று காட்டுவதற்காக. இரக்கமுள்ள குடும்பத்திலிருந்து அவள் எதற்காக ஓடினாள்? அவளுக்கு மருந்து கிடைத்தது, சோறு கிடைத்தது, எழுத்தும் கிடைத்தது. போக நினைத்தபோது போக மட்டும் முடியவில்லை.

இங்கே எனக்கு ஒரு கேள்வி எழுந்தது, அதை ஒழுங்காகக் கேட்டுப் பார்க்க வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். இரக்கம் நல்லதா என்று கேட்டால் நல்லது என்றுதான் சொல்வோம். அடிக்கும் முதலாளியைவிட அடிக்காத முதலாளி மேல். புல்வெளி இல்லாத மில்லைவிடப் புல்வெளி உள்ள மில் மேல். இந்த ஒப்பீட்டில் பொய் இல்லை. ஆனால் ஒப்பிடுகிறவர் எப்போதும் வெளியே நின்று பார்க்கிறவர். உள்ளே இருக்கும் பதினாறு வயதுக்காரிக்கு இந்த மில்லைவிட அந்த மில் பரவாயில்லை என்பதில் என்ன இருக்கிறது? அவள் கேட்பது கேட்டைத் திறந்துவிடச் சொல்லி. இரக்கம் அதற்குப் பதிலாக ஒரு செடியை நடுகிறது. செடி நட்ட பிறகு, அவள் கேட்டது நன்றிகெட்டதனமாக மாறிவிடுகிறது.

இதே கிரெக் குடும்பத்தில் சாமுவேலுக்குப் பின் ஆலையை நடத்திய மகன் ராபர்ட் ஹைட் கிரெக், தொழிற்சாலைகளில் வேலை நேரத்தைச் சட்டத்தால் கட்டுப்படுத்துவதை எதிர்த்து 1837இல் புத்தகமே எழுதினார். தோட்டத்தை விரிவாக்கியவரும் அவர்தான். இரண்டுக்கும் நடுவே முரண் இருப்பதாக அவருக்குத் தோன்றியிராது என்று நினைக்கிறேன். தானாகக் கொடுப்பதில் அவருக்குத் தயக்கமில்லை. கொடுத்தே ஆக வேண்டும் என்று யாரும் சொல்லக்கூடாது. பெண்களுக்கும் இளையோருக்கும் பத்து மணி நேர வேலை என்ற சட்டம் அவர்களுடைய விருப்பத்தை மீறி 1847இல்தான் வந்தது. நம் பக்கத்திலும் கதை அதுவே. பாபநாசத்தில் தாமிரபரணியின் நீர்வேகத்தைக் கொண்டு 1885 வாக்கில் ஹார்வி சகோதரர்கள் ஓட்டத் தொடங்கிய ஆலை, அப்புறம் தூத்துக்குடி, மதுரை என்று பெருகியது. திருப்பரங்குன்றத்துக்குப் பக்கத்தில் தொழிலாளர்களுக்காகக் கட்டிய ஹார்விபட்டி இன்றும் அந்தப் பெயரோடு இருக்கிறது. அந்தத் தெருக்களில் நடந்தால் மனம் குளிரத்தான் செய்கிறது. ஆனால் 1908இல் தூத்துக்குடி கோரல் மில் தொழிலாளர்கள் வ.உ.சி.யோடும் சுப்பிரமணிய சிவாவோடும் சேர்ந்து வேலைநிறுத்தம் செய்துதான் கூலி உயர்வையும் வார விடுமுறையையும் வாங்கினார்கள். ஞாயிற்றுக்கிழமையை யாரும் இரக்கப்பட்டுக் கொடுத்துவிடவில்லை. பின்னால் இந்த ஆலைகளில் பெண்கள் குறைந்து, நிரந்தர வேலை ஆண்களின் வேலையானது. 1990களுக்குப் பிறகு பெண்கள் மறுபடி வந்தார்கள். இம்முறை நிரந்தரம் இல்லை, சங்கம் இல்லை, வயது இருபதைத் தாண்டவில்லை, பெயர் 'அப்ரண்டிஸ்'. ஸ்டைலில் அந்த இல்லத்தின் ஆங்கிலப் பெயர்ப் பலகையில் அதே சொல்லைப் படித்தபோது எனக்கு உடம்பு சில்லிட்டது.

அந்தத் தோட்டத்துக்குப் பின்னால் இன்னும் ஒரு கேட் இருக்கிறது. கிரெக் குடும்பத்துக்குக் கரீபியன் தீவான டொமினிக்காவில் அடிமைகள் உழைத்த தோட்டம் சொந்தமாக இருந்தது. ஆலைக்கு வந்த பஞ்சின் பெரும்பகுதியும் அமெரிக்க நிலங்களில் அடிமைகள் பறித்தது, லிவர்பூல் துறைமுகம் வழியாக வந்தது. எஸ்தர் ஒட்டிய நூல் வேறு யாரோ ஒருத்தி பறித்த பஞ்சு. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் வேறு வேறு சொல். தமிழில் அதுவும் தோட்டம், இதுவும் தோட்டம். தேயிலைத் தோட்டத்துக்குக் கப்பலேறிய நம் பாட்டிகளிடம் கேட்டால் 'தோட்டம்' என்ற சொல்லில் பூ வாடை அடிக்காது.

இதையெல்லாம் யோசித்தபோது கிரெக் மீது கோபப்படுவது எனக்கு எளிதாக இருந்தது, அந்த எளிமைதான் சந்தேகத்தைத் தந்தது. நான் இங்கே எந்தப் பக்கம் நிற்கிறேன்? ஏழை வீட்டுப் பெண், மில்லுக்குப் போனவளின் அக்கா, எஸ்தரின் பக்கம் என்று சொல்லிக்கொள்ளலாம். ஆனால் சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்து, நிலவரம் முழுவதும் தெரிந்த பிறகு, "பல்லக் கடிச்சுக்க" என்றது நான். மில் முதலாளிக்கு அவள் முகம் தெரியாது. எனக்குத் தெரியும். அவளுடைய மூன்று வருடத்தில் விளைந்ததில் ஒரு பங்கு என் படிப்பு. நன்னூலில் நூலுக்குச் சொல்லப்படும் உவமை தமிழ் படித்த எல்லோருக்கும் தெரியும்: சொற்கள் பஞ்சு, புலவன் நூற்கும் பெண். இந்த உவமையை வகுப்பில் நடத்தும்போது நான் கொஞ்சம் வேகமாகக் கடந்துவிடுவேன். எங்கள் வீட்டில் நூல் நூற்றவள் ஒருத்தி, நூல் படித்தவள் ஒருத்தி.

வேகமாகக் கடந்துவிட முடியாதபடி ஒரு மாணவி ஒருநாள் நிறுத்தினாள். தினைப்புனத்தில் பரண்மேல் இருந்து கிளி ஓட்டும் தலைவியைப் பற்றி, குறிஞ்சியின் அழகைப் பற்றி, லயித்துச் சொல்லிக்கொண்டிருந்தேன். கடைசி வரிசையிலிருந்து அவள் கேட்டாள்: "மேடம், கிளி ஓட்டுறதுக்கு அவளுக்குக் கூலி உண்டா?" வகுப்பு சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. விசாரித்தபோது தெரிந்தது, அவள் இரண்டு வருடம் மில்லில் இருந்துவிட்டு வந்து படிக்கிறவள். சொந்த வீட்டுப் புனம், கூலி கிடையாது என்று சொல்லிச் சமாளித்தேன். சொந்த வீடு என்றால் கூலி வேண்டாம் என்பதை எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டேன் என்று அன்றிரவு நினைத்துக்கொண்டேன். குறிஞ்சித் திணையை இப்போதும் ரசித்துத்தான் நடத்துகிறேன். அந்தக் கேள்வியையும் சேர்த்து நடத்துகிறேன். இரண்டும் ஒரே வகுப்பில் உட்காருகின்றன, ஒன்று மற்றொன்றை வெளியே அனுப்பவில்லை.

ஆகவே குவாரி பேங்கின் பூக்களைப் பார்த்தது தப்பு என்று நான் சொல்ல வரவில்லை. தப்பு என்று சொல்லி முகத்தைத் திருப்பிக்கொள்வதும் ஒருவகை சொகுசுதான். பூ என்ன செய்யும்? பார்க்கிறவள் தன் கணக்கைத் தெரிந்துகொண்டு பார்க்க வேண்டும், அவ்வளவே என்று படுகிறது. கணக்கைத் தெரிந்துகொண்ட பிறகு அதை எப்படித் தீர்ப்பது என்று கேட்டால் எனக்குப் பதில் கிடைக்கவில்லை. சம்பளம் வாங்கத் தொடங்கியதும் தங்கச்சிக்குப் பணம் கொடுத்தேன். வாங்கிக்கொண்டாள். தங்கச்சி மகளின் படிப்பை நான் பார்த்துக்கொள்கிறேன். பார்க்கட்டும் என்றாள். பதினாறிலிருந்து பத்தொன்பது வரையிலான வயதை எந்தப் பணவிடையில் அனுப்புவது?

தங்கச்சி மூன்று வருடத்தை முடித்தாள். 30,000 என்றது ஏதேதோ பிடித்தம் போக 26,500 வந்தது. "இலவு காத்த கிளிக்கு இதாவது கெடச்சுச்சே" என்று அவளே சிரித்தாள். இப்போது ஆண்டிபட்டியில் கணவரோடு பெட்டிக்கடை வைத்திருக்கிறாள். பங்குனி வந்தால் இலவம்பஞ்சுக் களத்துப் பக்கம் அவளால் போக முடியாது, மூச்சு முட்டும்.

மேல்தோட்டத்தின் கண்ணாடிக் கூடத்துக்கு வெளியே நின்று அவளுக்கு வீடியோ கால் போட்டேன். அங்கே இருட்டியிருந்தது. கடையில் இருந்தாள். போனை நீட்டிப் பிடித்துச் செடிகளைக் காட்டிக்கொண்டே இது ஒரு மில்லு, இருநூறு வருசத்துக்கு முந்தினது, உன்னை மாதிரிப் புள்ளைகள ஹாஸ்டல்ல வச்சு வேலை வாங்குனாங்க என்றேன்.

"அங்கயுமா?" என்றாள். "வாசல்ல தோட்டமும் வச்சிட்டானுகளா?"

கேட்பதா வேண்டாமா என்று யோசித்துவிட்டுக் கேட்டுவிட்டேன். "அன்னிக்கு நீ கூப்பிட்டப்ப நான் உன்னையக் கூட்டிட்டு வந்திருக்கணும்ல?"

கொஞ்ச நேரம் பேசவில்லை. யாரோ வந்து தீப்பெட்டி கேட்டார்கள், எடுத்துக் கொடுத்தாள், சில்லறை வாங்கிப் போட்டாள்.

"வந்திருக்கணும்" என்றாள். பிறகு, "போனத் திருப்புக்கா, அந்தச் செவப்புப் பூவச் சரியாக் காட்டு. வாடை இருக்கா?"

முகர்ந்து பார்த்தேன். "இல்லடி."

"ஒரு குச்சி ஒடிச்சுட்டு வர விடுவாகளா?"

"விடமாட்டாக."

"அப்பப் பாத்துட்டு வா" என்று சொல்லிவிட்டு வியாபாரத்தைக் கவனிக்கப் போனாள்.